தாமதக் கட்டணம்

எங்கள் நூலகத்தில் இப்போது
காற்றையும் இரவல் தருகிறோம்.
நான்கு கருவிகள். சோப்புக்கட்டி அளவு.
முதுகில் பார்கோடு, புத்தகங்களுக்கு ஒட்டும் அதே தாள்.
இரண்டு வாரம். ஒருமுறை நீட்டிக்கலாம்.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்தத் தென்கரையில்
கம்பி வந்து சேராத பதினேழு வீடுகளுக்கு
இதுதான் இணையம்.

மூன்றாம் எண் திரும்பவில்லை.
எடுத்தவர் லியாண்டர் கீப்பிங்.
அந்தக் குடும்பப் பெயருக்கு
வைத்துக்கொள்வது என்று பொருள்.
நான் சிரிக்கவில்லை.
காத்திருப்போர் பட்டியலில் ஆறு பேர்.

எட்டாம் நாள் துண்டிக்க வேண்டும், விதி.
இருந்த இடத்திலிருந்தே முடியும்; ஒரு சொடுக்கு.
என்ன பார்த்தார் என்று என் திரை காட்டாது.
எவ்வளவு, எப்போது,
அவ்வளவுதான்.
விடியற்காலை மூன்றரை. நான்கு மெகாபைட்.
மறுநாள் மூன்றரை. மூன்று.
படம் பார்க்கிறவனுக்கு அது ஒரு மிடறுகூட இல்லை.
கோழி கொத்துகிற மாதிரி எடுத்திருக்கிறார்.

எட்டாம் நாள், கணினி மந்தம் என்று சொல்லிக்கொண்டேன்.
ஒன்பதாம் நாள் பனிமூட்டம்.
பத்தாம் நாள் டிரைஃபீனா வந்து நின்றாள்,
ஈரக் காலுறையோடு.
"வேதியியல் தேர்வு ஆன்லைன்லதான், மிஸ்.
என் முறை எப்போ?"
அவளிடம் சொல்ல
பழுதான சாமான் எதுவும் என்னிடம் மீதமில்லை.

போன் செய்தேன். மறுநாளே வந்தார்.
கம்பளிக் கையுறைக்குள்ளிருந்து
முட்டையை எடுப்பதுபோல் எடுத்து
மேசையில் வைத்தார். இன்னும் சூடு.
"வீட்ல ஒரு கோடுதான் விழுது.
கல்லறை மேட்டுக்கு ஏறினா மூணு."
பிறகு, சில்லறை எண்ணியபடி:
"வரைபடத்துல ஒரு பச்சை முக்கோணம்.
என் மக அந்தக் கப்பல்ல மூணாம் அதிகாரி.
அவ காவல் ஏற்கிற நேரம் அது.
பேசி ரெண்டு வருஷமாச்சு.
நேத்து பெர்கன்ல கட்டிட்டாங்க."

தாமதக் கட்டணத்தைப் போன வருடமே
எடுத்துவிட்டோம் என்றேன்.
அவர் சில்லறையைத் திரும்ப எடுக்கவில்லை.

வந்த கருவியைத் துடைத்து அழிக்க வேண்டும்,
அதுவும் விதி. பின்துளையில் ஊசி,
பத்து விநாடி.
வைஃபையின் பெயரை மாற்றியிருந்தார்.
நூலகம்-3 இருந்த இடத்தில்
ஸ்கார்வ்.
தேடிப் பார்த்தேன். நார்வே மொழியில் நீர்க்காகம்.
ஊசி கையில்தான் இருந்தது.

"இது என்ன பேரு, மிஸ்?" என்றாள் டிரைஃபீனா.
கடவுச்சொல் பழையதுதான் என்றேன்.

இரண்டு வாரம், பள்ளிப் பேருந்தில்,
எல்லாப் பிள்ளைகளின் போனிலும்
சின்னப் பூட்டுக் குறியோடு
ஒரு கப்பல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது,
விரிகுடாவைச் சுற்றும் சாலையில்.
யாரும் அதைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை.

வேதியியலில் அவளுக்கு அறுபத்தொன்று.
கருவியை
நேரத்துக்குத் திருப்பித் தந்துவிட்டாள்.