மிச்சம் பத்து யூரோ

லாரிக்குள் என் மேசை.
மறுபுறம் டயர்களைச் சூடேற்றும் அறை, நடுவில் ஒரு தகரம்.
முதுகு வெந்துகொண்டிருக்கிறது.
விலைப்பட்டியல் எண் நூற்றுப் பதினேழு.
பெயர்: கிஸ்லேன் தெல்வோ. வயது ஐம்பத்து நான்கு.
தொழில்: நமூர் அருகே உருளைக்கிழங்குக் கிடங்குகள், மூன்று.
மூன்றை அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதுகிறேன்.
மார்ச்சில் ஒன்றை விற்றுவிட்டார்.

காரின் வாடகை சுண்டைக்காய்.
நான் தட்டுவதெல்லாம் சுமைகூலி:
டயர் பதினெட்டு செட்,
பிரேக் தட்டுகள் இரண்டு முறை,
கியர்பெட்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு,
எஞ்சினுக்கு மணிக்கணக்கு,
தீப்பற்றாத உள்ளாடை,
பதினான்கு பேர் தூங்காத தூக்கம்.
இடித்தால் பிடித்துக்கொள்ள முன்பணம்;
இடிக்காவிட்டாலும்
அது திரும்பி வர ஆறு வாரம்.

கூட ஓட்டும் இரண்டு பையன்களும் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள்.
அந்தச் சம்பளமும் இந்தப் பட்டியலில்தான்,
ஏழாவது வரி.
தீத்துஸ், பின்லாந்துக்காரன்,
ஹெல்மெட்டை மடியில் வைத்து வாழைப்பழம் தின்பவன்,
கிஸ்லேனைவிடச் சுற்றுக்கு ஆறு விநாடி வேகம்.
ஆறு விநாடிதானே என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.
ஆறு விநாடியில் கார்
முந்நூறு மீட்டர் போய்விடுகிறது.
ஆனால் விதி இப்படி:
வெண்கல முத்திரை குத்தப்பட்ட ஒருவர் இல்லாமல்
இந்தப் பிரிவில் கார் இறங்காது.
மெதுவாக ஓட்ட ஒரு ஆள் வேண்டும்.
அந்த ஆளே பணமும் கட்ட வேண்டும்.

இரவு ஒன்றே முக்கால். ஸ்பாவில் மழை.
காட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டுகிறது,
அந்தப் பக்கம் தரை காய்ந்து கிடக்கிறது,
எந்தப் பக்கத்துக்கு டயர் மாட்டுவது என்று யாருக்கும் தெரியாது.
கிஸ்லேன் உள்ளே ஏறுகிறார்.
முழங்காலை ஒரு கையால் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

வானொலியில் வெண்டலின்:
பின்னால் இரண்டு கார், விடுங்கள்.
விட்டேன்.
இன்னொன்று, இடப்பக்கம்.
விட்டேன்.
கடன்காரனைக் கண்டு
தெருவோரம் ஒதுங்குபவர் குரலில்
விட்டேன், விட்டேன், விட்டேன்.
நான் எண்ணினேன். முப்பத்தெட்டு முறை.

நாற்பத்தோராவது சுற்றில்
வெண்டலின் ஒன்றும் சொல்லவில்லை.
பூவோன் வளைவில் முன்னே ஒரு மஞ்சள் கார்.
அதில் ஜெனீவாவின் பல் மருத்துவர் ஒருவர்,
அவரும் வெண்கலம்,
அவருக்கும் எங்கோ ஒரு விலைப்பட்டியல்.
நனைந்த பக்கமாகப் போய்
கிஸ்லேன் அவரைக் கடந்தார்.
வானொலியில் ஒரு 'ஓ' கேட்டது.
வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த சுற்றில், ஸ்டாவ்லோவில், புல்.
முன் உதடு உடைந்தது.
பதினோராயிரம். சேர்த்தேன்.

விடிந்தபின் ஓடில் வந்தாள், அவர் மனைவி,
மழைக்கோட்டின் முக்காடு இன்னும் தலையில்.
மொத்தம் கேட்பாள் என்று தாளை எடுத்து நீட்டினேன்.
அவள் தாளைப் பார்க்கவில்லை.
எத்தனை சுற்று ஓட்டினார்?
அறுபத்தொன்று.
என் கணக்குப்பொறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
இரண்டு லட்சத்து எண்பதாயிரம், வகுத்தல் அறுபத்தொன்று.
சுற்றுக்கு நாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு.
மீதி பத்து.

நெடுநேரம் அந்தப் பத்தையே பார்த்தாள்.
இது யாருடையது?
எந்தத் தலைப்பிலும் அதற்கு இடமில்லை.
சில்லறைப் பெட்டியைத் திறந்து
ஒரு நோட்டைக் கொடுத்தேன்.
ரசீது கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

மாலை, பந்தயம் முடிந்து,
முப்பத்தோராம் இடத்துக் கோப்பை என்று ஒன்று கிடையாததால்
எல்லோரும் சீக்கிரமே கலைந்தோம்.
கூடாரங்களின் ஓரம், வறுவல் வண்டி முன்னால்
இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்,
ஒரே காகிதக் கூம்பு.
அவர் இடது கையுறையைக் கழற்றவே இல்லை.
வலது கையால் ஒன்றை எடுத்துக் கடித்தார்,
கண்ணை மூடி மென்றார்,
பிறகு, ரொம்பத் தீர்மானமாக,
இது நம்ம கிழங்கு இல்லை, என்றார்.