ஆளுக்கு எட்டு கிலோ

லேனா ஆற்றைப் பனிப்பாளங்கள் அடைத்துக்கொண்ட மே மாதம்.
ஹெலிகாப்டர் வாசலில்
மீன் நிறுக்கும் வில்தராசோடு நின்றிருந்தேன்.
ஆளுக்கு எட்டு கிலோ.
விதி என்னுடையதல்ல,
கொக்கி மட்டும்தான்.

நியுகுலாய் கொண்டுவந்தது பதினொன்று:
துப்பாக்கி, தோட்டா, உறைந்த மீன் இரண்டு,
ஒரு சுவர்க்கடிகாரம்.
ஓடுகிறதா என்றேன்.
இல்லை, ஆனால் நல்ல கடிகாரம் என்றான்.
பிறகு அதைச் சேற்றில் சாய்த்து வைத்தான்,
யாரோ மணி பார்க்க வரப்போவதுபோல்
முகத்தை மேலே திருப்பி.

ஆசிரியை சர்தானா
புத்தகங்களின் அட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.
அட்டைதான் கனம், சொல் கனமில்லை என்று
நான் கேட்காமலே விளக்கினாள்.
முள் எட்டரையில் நின்றது.
முன்னுரைகள் போயின.
போதவில்லை.
கடைசிப் பக்கத்துப் பொருளடக்கங்கள்.
போதவில்லை.
அப்புறம் ஒரு முழுப் புத்தகத்தை எடுத்தாள்,
எது என்று என்னைப் பார்க்கவிடவில்லை.

ஒரு பையனின் மேலங்கி
தானாக நெளிந்தது, முனகியது.
உடம்பில் இருப்பதை நிறுப்பதில்லை என்று
யாரையும் பார்க்காமல், சத்தமாகச் சொன்னேன்.

அது வினையாயிற்று.
அடுத்து வந்த நியுர்குயானா
நான்கு கோட்டு, மூன்று பாவாடை,
கழுத்தில் கயிறு கட்டி ஒரு வாணலி.
இரண்டு பேர் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.
விமானி என்னைப் பார்த்தார்.
நான் ஆற்றைப் பார்த்தேன்.

அப்படியும் அவள் மூட்டை
எட்டைத் தாண்டி ஒரு மயிரிழை.
வாசலிலேயே உட்கார்ந்து அவிழ்த்தாள்.
தேயிலை.
குதிரைமயிர்க் கயிறு.
செத்துப்போன கணவனின் சவரக்கத்தி,
அது உடனே உள்ளே போயிற்று.
வீட்டுச் சாவி.
உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள்,
என் தராசை நம்பாதவளாக.

அங்கே அவள் வீட்டின் ஜன்னல்வரை தண்ணீர்.
இது வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

பதில் இல்லை.
சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து
ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள்.
கன்னம் புடைக்க, நறநறவென மென்றபடி
மூட்டையைக் கொக்கியில் மாட்டினாள்.

முள் எட்டில் நின்றது.

கடைசியாக ஏறியவன் நான்.
என் பையை நிறுக்க ஆளில்லை.
அதில் என்ன இருந்ததென்று இப்போது நினைவில்லை.
தராசு மட்டும் மடியில் கிடந்தது,
ஒன்றரைக் கிலோ இரும்பு,
கொக்கியில் ஒன்றுமில்லாமல்,
ஹெலிகாப்டர் அதிர்ந்தபோதெல்லாம்
எதையோ நிறுத்துக்கொண்டு.