நின்ற உயரம்

"எத்தின அடியில இருந்து விழுந்தீங்க?"
டொக்டர் கேட்டார்.

அடியா?
மண்டூர்ப் பாதை கரையை முட்டுகிற நேரம்
பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண்.
அதற்குள்தான் விழுந்தேன்.
மோட்டார் சைக்கிளில் ஒரு கீறல் இல்லை.
என் தொடையெலும்பின் கழுத்து
நமுக்காத முறுக்குப் போல
சத்தத்தோடு முறிந்தது.
பாதைக்காரனுக்கும் கேட்டதாம்.

நாற்பத்தாறு வயது.
எக்ஸ்ரேயை யன்னலுக்கு நேரே பிடித்தார்.
வெள்ளையாக இருக்கும் என்றிருந்தேன்.
சாம்பல்.
கண்ணி தேய்ந்து பெரிதாய்ப்போன இறால் வலை.

"குடிக்கிறதா?"
"ராவில கால் போத்தல்."
"எத்தின வருசமா?"
பதினொன்று.
தவணைக் காசு வசூலிக்கும் வேலைக்கு வந்து
பன்னிரண்டு.
முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டார்.

மனுசன் நல்லவர்,
கட்டிலோரம் இருந்து விளங்கப்படுத்தினார்:
எலும்பு ஒரு நாளும் கட்டி முடிகிற வீடில்லையாம்.
ஒரு பக்கம் இடிப்பவர்கள்,
ஒரு பக்கம் மேசன்மார்.
சாராயம் மேசன்மாரை வேலைக்கு வர விடாதாம்.
யோசனை கூடினால்
உடம்புக்குள் ஒரு நீர் சுரக்குமாம்,
அதுவும் இடிப்பவர்களின் ஆள்தான்,
தினமும் வந்து எலும்பின் வாசலில் நிற்கும்,
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுண்ணாம்பை
வாங்கிக்கொண்டு போகும்.

சத்தம் போடாமல் வாசலில் நிற்கிறவன்.
அவனை எனக்குத் தெரியும்.
அவன் போடும் சேட்டின் நிறம் தெரியும்,
சேட்டுப் பையில் நிறுவனத்தின் பெயர்.
மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து போன் வரும்,
தொண்ணூற்றாறு வீதம் காணாது என்று.
அந்தப் போனை வைத்த கையால்தான்
முதல் போத்தலைத் திறந்தேன்.

மூன்றாம் நாள்.
மட்டக்களப்பில் ஒபரேசனுக்கு இன்னும் கட்டில் இல்லை.
களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரியின் சீலிங் ஃபேன்
ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது.
கை நடுங்கிப் பிளேன்டீ நெஞ்சில் ஊற்றுண்டது.
ராவெல்லாம் விரிப்பில் எறும்பு ஊர்ந்தது,
தாதி வந்து லைட்டைப் போட்டாள்,
ஒரு எறும்பும் இல்லை.

பின்னேரம் பவளராணி வந்தாள்.
வெல்லாவெளிக் குழு, மூன்று தவணை பாக்கி.
என்னைக் கண்டால் ஒளிகிறவள்
என்னைத் தேடி வந்திருக்கிறாள்.
ஒரு சாப்பாட்டுப் பெட்டி,
நெத்தலிக் கருவாடும் முருங்கையிலைச் சுண்டலும்.
"சோளன் வித்த காசு" என்று
முடிச்சை அவிழ்த்து
கட்டில் விளிம்பில் தாள்களை எண்ணினாள்.

எண்ணும்போதுதான் பார்த்தேன்.
இடது மணிக்கட்டு
கரண்டி முதுகு போல் வளைந்து கிடந்தது.

"கையில என்ன?"
"அது பழசு."
"எப்ப?"
"ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள்
வாசல்ல ஹோன் அடிச்சீங்களே, தொடர்ந்து.
பின் வேலியால பாய்ஞ்சன்.
பரியாரியார்தான் கட்டினவர், கொஞ்சம் கோணிப் போச்சு."

"வேலி உயரமா?"
"எங்க, இடுப்பளவு.
வேலி தாண்டி நிண்டுட்டன்.
நிண்ட இடத்துலதான் சறுக்கினது."

அவள் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.
நான் கேட்டேனா என்றால், கேட்கவில்லை.
புருசன் கசிப்பில் போனவன்,
அந்த வாசம் படலையடியில் வந்தாலே சத்தி எடுப்பாள்,
குழுக் கூட்டத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்,
வாய்க்குள் ஏலக்காயோடு.

"எண்ணிப் பாருங்க" என்றாள்.
வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.
விரல்கள் கேட்கவில்லை, எண்ணின.
நடுங்கி நடுங்கி இரண்டு தரம்.
நாலாயிரத்து முந்நூற்றைம்பது.
கணக்குச் சரி.

"பில் மறுகா தாங்க,
கடைசிப் பாதை போயிரும்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.
ஏதோ சொல்ல வேண்டும்,
பன்னிரண்டு வருடமாய் அவள் வாசலில்
சொல்லாத ஏதோ ஒன்று.
வந்தது இவ்வளவுதான்:

"பாத்து இறங்குங்க.
பலகைக்கும் கல்லுக்கும் நடுவில
ஒரு சாண் இரிக்கி."