முப்பது பாகம்

திட்டத்தின் பெயர் வாசலுக்கே அரிசி.
வண்டி பீமுலவாரிபாளையம் துறை வரைக்கும் வரும்.
அங்கே தார் முடிந்து தண்ணீர் தொடங்குவது
சுற்றறிக்கைக்குத் தெரியாது.

ஆகவே கைரேகை மிஷினை
மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்து
தேசப்பன் படகில் நான்.
மூட்டைகள் நடுவில், தார்ப்பாய்க்கு அடியில்.
கோரைத்திட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.
ராக்கெட் விடுகிற நாளென்றால் அதுவும் இல்லை,
ஏரிக்கே விடுமுறை.

மாதப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது:
வண்டிக்கும் வீட்டுக்கும் இடையே தூரம்?
ஐம்பது மீட்டருக்குள். நூறுக்குள். நூறுக்கு மேல்.
நூறுக்கு மேல் என்று டிக் அடிப்பேன்.
பொய் இல்லை.

திட்டில் சிக்னல் கிடையாது.
தெற்கே போகப் போகக் கிடைக்கும்,
ஆரம்பாக்கத்துக் கோபுரம் இரக்கப்பட்டு அனுப்புவது.
என் செல்போன் உடனே
தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்கிறது.
மிஷினுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.
எல்லையைத் தாண்டியதும்
இது உன் மண்டலம் அல்ல என்று
முகத்தை இருட்டாக்கிக்கொள்ளும்.

சிக்னலும் இருந்து ஆந்திராவும் இருக்கிற தண்ணீர்
மொத்தம் முப்பது பாகம்.
கயிறு போட்டு அளந்தவன் தேசப்பன்.
நூற்றுப் பன்னிரண்டு கார்டுக்கும்
அதுதான் ரேஷன் கடை.
வாடை அடித்தால் கடை தமிழ்நாட்டுக்குப் போகும்.
தென்றல் அடித்தால் சிக்னல் போகும்.

ஏழெட்டுப் படகு விளிம்போடு விளிம்பு உரச
ஆண்கள் கோலைச் சேற்றில் ஊன்றிப் பிடித்திருப்பார்கள்,
பெண்கள் கட்டைவிரலை முந்தானையில் துடைத்தபடி
வரிசை மாறாமல்.
வரிசை மாறினால் சண்டை வரும், தமிழில்.
மிஷின் மட்டும் தெலுங்கு.

பூங்காவனத்தின் விரல் எடுபடவில்லை.
இருபது வருஷமாக இறால் உரித்த கை,
ரேகை இருந்த இடம்
சோழியின் முதுகுபோல வழவழவென்று.
தயசேசி மள்ளீ பிரயத்னிஞ்சண்டி
என்றது உள்ளே இருக்கிற பெண்,
வெயிலே படாத குரல்.
தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்தாள்.
தயசேசி.
இடது கை. மோதிர விரல்.
தயசேசி.

"ரேகை இல்லன்னா இத்தினி மாசம்
சோறு துன்னது யாரு, நீயா?"
என்றாள் மிஷினைப் பார்த்து.

ஐந்தாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.
எரிந்த அந்த நொடியில் காற்று திரும்பி
தேசப்பனின் கோல் வழுக்கி
நாங்கள் பாதிப்படகு அளவுக்கு
வேறு மாநிலத்தில் இருந்தோம்.

அரிசி வழங்காததற்குக் காரணம் கேட்டது திரை.
நான்குதான் கொடுத்திருந்தார்கள்:
இறந்துவிட்டார். இடம் பெயர்ந்தார்.
வாங்க மறுத்தார். கதவு பூட்டியிருந்தது.

படித்துச் சொன்னேன்.
எதிர்ப்பலகையில், முழங்கால் இடிக்கிற தூரத்தில்,
காலி சாக்கோடு உட்கார்ந்திருந்தாள்.
"எத்தப் போட்டா அடுத்த மாசம் அரிசி வரும்?"
முதல் மூன்றைப் போட்டால் கார்டே போய்விடும் என்றேன்.

கதவு பூட்டியிருந்தது என்று அழுத்தினேன்.

"கதவா?"
ஓலைத்தட்டி வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில்
படகு ஆடியது, பக்கத்துப் படகும் ஆடியது.
"பூட்டு அவங்களாண்டயே இருக்கட்டும்,
மொதல்ல ஒரு கதவு குடுக்கச் சொல்லு."

சாக்கை நாலாக மடித்து
அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்,
மற்றவர்கள் முடிக்கட்டும் என்று.

சட்டைப்பையில் என் போன்
மறுபடியும் நல்வரவு சொன்னது.
தேசப்பன் கோலை எதிர்ப்பக்கம் ஊன்றினான்.
அடுத்த கார்டு.