நாள் வாடகை நானூறு

சாலிகிராமம் குடோன்,
மூன்றாவது ரேக், இடப்பக்கம்.
பித்தளை மைக்கூட்டுத் தட்டு, இங்கிலாந்து, ஒன்று.
கண்ணாடிக் கிண்ணம் இரண்டு, ஒன்றில் கீறல்.
சிங்கப் பாதம் நான்கில் மூன்றுதான் மிச்சம்,
நான்காவதற்குத் தீப்பெட்டி.
நாள் வாடகை நானூறு.
என் பதிவேட்டில் இவ்வளவுதான்.

நடுவில் ஒரு பெண் நிற்கிறாள்,
கிரேக்கத்துக்காரியோ ரோமாபுரிக்காரியோ,
லண்டனில் எவனோ பழசைப் பார்த்து வார்த்தவள்.
சிறகு உண்டு. கையில் இலை வளையம்.
யாருக்குச் சூட்ட நீட்டினாளோ
அந்தத் தலை வரவேயில்லை.
ஆயுத பூஜைக்கு லோடுமேன் செங்கேணி
அவளுக்கும் ஒரு பொட்டு வைப்பான்.
"எந்த சாமின்னு தெரியலக்கா,
வெச்சிட்டா தப்பில்லல்ல."

படங்களில் அவளுக்குக் கலெக்டர் மேசை.
கலெக்டர் எப்போதும் பெரம்பூர் டெஸ்மண்ட் அங்கிள்,
ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர்,
மீசைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டால் துரை ரெடி.
இறகை எடுப்பார், காலிக் கிண்ணத்தில் தோய்ப்பார்,
தூக்குத் தண்டனையில் கையெழுத்துப் போடுவார்.
மை ஊற்றினால் மேசை விரிப்பு கெடும் என்று
ஆர்ட் டைரக்டர் ஒருபோதும் விட்டதில்லை.
என் கணக்கில் இதுவரை பதினேழு தூக்கு,
ஒரு சொட்டு மை செலவில்லை.
பிறகு வவுச்சரில் கையெழுத்திட
என்னிடம்தான் பால்பாயிண்ட் கேட்பார்.
"ரீஃபில் இருக்கா மேன், இதுல?"
இருக்காது. இருவரும் உதறிப் பார்ப்போம்.

அந்த டிசம்பரில் தண்ணீர்
ஷட்டருக்கு அடியில் முதலில் நாக்கை நீட்டியது,
பிறகு கேட்காமல் உள்ளே வந்தது.
தெர்மோகோல் தூண்கள் மிதந்தன, சிம்மாசனம் மிதந்தது,
ஒரு அரண்மனையே
கதவைப் பார்த்து மெல்ல நகர்ந்தது.
பித்தளை மிதக்கவில்லை.

நான்காம் நாள் சேற்றில் கைவிட்டு எடுத்தேன்.
கிண்ணத்தின் அடியில் கருப்பாய் ஒட்டியிருந்ததை
இத்தனை வருடமும் அழுக்கு என்றே நினைத்திருந்தோம்.
மை.
ஊறி, இளகி, விரல் இடுக்கில் நீலமாய்க் கசிந்தது.
எந்தத் துரை, எந்த ஊர்க் கச்சேரி,
எதை எழுதி முடித்து மீதி வைத்தானோ,
எதை எழுதாமல் எழுந்து போனானோ.

மறு வாரம் டெஸ்மண்ட் அங்கிள் வந்தார்,
வெள்ளத்தில் போன பென்ஷன் புத்தகத்துக்கு
மனு எழுத வேண்டும், பேனா வேண்டும்.
பேனா எல்லாம் சேறு.
மூன்று கால் தட்டுக்கு முட்டுக் கொடுத்த
புதுத் தீப்பெட்டியில் ஒரு குச்சி உருவி
கிண்ணத்தில் தோய்த்து நீட்டினேன்.
பதினேழு பேரைத் தூக்கிலிட்ட கை
முதல் எழுத்திலேயே நடுங்கியது.
"நெஜமாவே எழுதுது மேன்."
காகிதத்தில் இன்னும் ஈரம்.
அவர் போட்ட டி எழுத்தின் வயிறு
ஊறிப் பெருத்துக்கொண்டே போனது,
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதுப் பதிவேட்டில்
ஐந்நூறு என்று போடச் சொன்னார் முதலாளி.
போட்டேன்.
மையைப் பற்றி எழுதவில்லை.