இங்கே ஒழுகும்

பூக்களை வரைய வந்தவன் என்று
எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.
பூத்தன. கொட்டின.
ஒரு கோடும் விழவில்லை எனக்கு.

இன்னோஷிமாவில் என் அறைக்குக் கீழே
காசு போட்டால் துவைக்கும் கடை.
இரவு பதினொன்றுக்குக்
கப்பல் பட்டறையிலிருந்து வருவாள் மினேகோ தகுபோ.
நீலச் சட்டைப் பையைத் தலைகீழாய் உதறுவாள்:
திருகாணி, இருமல் மிட்டாய்,
மஞ்சள் சுண்ணக்கட்டி.

எதற்கு என்று கேட்டேன்,
கைவசமிருந்த இருபது சொற்களில்.
சலவை இயந்திரத்தின் தகட்டில்
ஒரு வட்டம் போட்டு
உள்ளே சாய்வாய்க் கீறினாள்.
"இங்கே ஒழுகும்."

ஐந்து மாடி உயர இரும்பில்
நாளெல்லாம் அவள் தேடுவது அதைத்தான்.
கண்டால் வட்டம்.
மறுநாள் யாரோ பற்றவைப்பார்கள்,
மேலே சிவப்புச் சாயம்,
அப்புறம் கடல்.

உன் கோடு யார் கண்ணிலும் படாதே,
வருத்தமில்லையா?
கேள்வி அவளுக்குப் புரியவில்லை,
அல்லது நன்றாகவே புரிந்தது.
"மூழ்கவில்லையே" என்றாள்.
சுண்ணக்கட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

ஏழு மாதமாய்ச் சுவர் பார்த்து நின்ற
கித்தான்களைத் திருப்பினேன்.
ஊரில் பாராட்டு வாங்கியவை.
எங்கெல்லாம் பொய் சொல்லியிருந்தேனோ
அங்கெல்லாம் ஒரு வட்டம்.
கை நிற்கவில்லை.
ஒரு வானம் முழுக்க வட்டமானது;
அதை மட்டும்
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்து கீழே இறங்கினால்
மறந்துபோன என் ஈரத்துணியை
யாரோ மடித்துக் கூடையில் வைத்திருந்தார்கள்.
ஒரு காலுறை குறைந்தது.
விரலெல்லாம் மஞ்சள்.