மாடு நின்னுச்சு

வருகைப் பதிவேட்டைக் கூட்டி முடித்துவிட்டேன்.
ஏழாம் வகுப்பு, முப்பத்தொரு பேர்.
பூண்டு அறுவடை வாரத்தில் மட்டும்
பக்கம் முழுக்கச் சிவப்புச் சுழி.

ஜூனில் பரமக்குடியிலிருந்து வந்திறங்கியபோது
மன்னவனூரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள்
பஸ் கண்டக்டர்.
முதல் வாரமே வகுப்புக்குள் பனிமூட்டம் புகுந்தது.
பலகையில் எழுதிய பின்னங்களுக்கு
மேல் எண் இருந்தது, கீழ் எண் காணோம்.
ஜன்னலைச் சாத்துங்கள் என்றேன்.
கொக்கி இல்லை டீச்சர் என்றார்கள்.
பாடத்தை நிறுத்தினேன்.
அவர்கள் நிறுத்தவில்லை.
தெரியாத பலகையைப் பார்த்து
ஏழில் மூன்று, ஒன்பதில் நான்கு என்று
உரக்க வாசித்துக்கொண்டே போனார்கள்.

அப்புறம் வேலப்பன்.
ஆகஸ்டில் ஒருநாள் பத்தேகாலுக்கு வந்து நின்றான்.
“மாடு நின்னுச்சு டீச்சர்.”
எங்கள் ஊரில் மாடு நின்றால்
ஹை என்றால் நகரும்.
இரண்டு பீரியட் வெளியே நிற்கச் சொன்னேன்.
ஸ்வெட்டரின் ஒரு கையில் பிரிந்திருந்த நூலை
விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.
பிறகு பனி வந்து அவனை மறைத்தது.
எனக்கு அது வசதியாகப் போயிற்று.

ஜனவரியில்,
புல்லெல்லாம் உப்புப் பூத்தாற்போல் உறைந்திருந்த காலையில்
பாதை வளைவில் பார்த்தேன்.
காட்டுமாடு.
நான்கு காலுக்கும் வெள்ளைக் காலுறை,
லாரி அளவுக்குப் பொறுமை.
ஹை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
நாற்பது நிமிடம்.

நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.
“மாடு நின்னுச்சு” என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
வேலப்பன்தான் கேட்டான்:
“ஒத்தையா கூட்டமா டீச்சர்?”
ஒத்தை.
“ஒத்தைதான் மோசம்” என்று
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

மன்னிப்பு அன்றைக்கே கேட்டிருக்கலாம்.
பிப்ரவரி வரை வாய்க்குள் வைத்திருந்து
ஒருநாள் அவன் நோட்டைத் திருத்தும்போது
தலை நிமிராமல் கேட்டேன்.
எதுக்கு டீச்சர் என்றான்.
மறந்துவிட்டானா,
எனக்காக மறந்தானா,
இன்னும் தெரியவில்லை.

இன்று பட்டியலில்
முப்பத்தொரு பெயருக்கும் நேரே ‘தேர்ச்சி’.
ஏழாவதில் யாரையும் நிறுத்த முடியாது,
அரசாங்க விதி.
என்றாலும் மேற்படிக் குறி போடாமல்
ஒவ்வொன்றாய் முழுசாக எழுதினேன்.
ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பினால்
வேலப்பனுக்கு நேரே என் சுழி.
வந்திருந்தான்.
வெளியே நின்றிருந்தான்.
பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.
கிடக்கட்டும்.

பையில் எவரோ வைத்த மலைப்பூண்டு மணக்கிறது.
இரண்டரை மணி பஸ்ஸுக்கு இறங்குகிறேன்.
அதே வளைவில் அது.
கீழே ஹாரன், ஒருமுறை,
மறுபடி ஒருமுறை,
பிறகு மேட்டில் கியர் மாற்றும் சத்தம்.

பையைக் கல்மேல் வைக்கிறேன்.
அடுத்த பஸ் ஐந்தரைக்கு.